காலையில் கை நழுவும் டம்ளர்

கேள்வி: என் மகளுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பதினாறு வயதிலிருந்து மூன்று முறை வலிப்பு வந்திருக்கிறது. மூன்றும் விடியற்காலையில், அதில் இரண்டு, தேர்வு நேரத்தில். 14 மாதங்களாகச் சோடியம் வால்ப்ரோயேட் காலையில் 500, இரவில் 500 மில்லிகிராம் சாப்பிடுகிறாள். அதன் பிறகு வலிப்பு வரவில்லை. ஆனால் உடம்பு பருத்துவிட்டது, முடி கொட்டுகிறது என்று அழுகிறாள். என் மாமியார் தம் ஊர் வைத்தியர் ஒருவரிடம் வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு, ஏதோ ஒரு செந்தூரம் எல்லாம் சேர்ந்த பொடி வாங்கி வந்தார். தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். ஒரு மண்டலத்தில் நோய் வேரோடு போய்விடும், இங்கிலீஷ் மருந்தைப் படிப்படியாக நிறுத்துங்கள் என்றாராம். பத்து நாட்களாக இரவு மாத்திரையை நிறுத்திவிட்டோம், வலிப்பு வரவில்லை. (காலையில் மட்டும் கை வெடுக்கென்று உதறி டம்ளரைக் கீழே போடுகிறாள். தூக்கக் கலக்கம் என்று நினைக்கிறேன்.) இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? மாத்திரை ஆயுள் முழுக்கவா? அவள் ஸ்கூட்டர் ஓட்டலாமா? வரன் பார்க்கும்போது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், திருச்சி மாவட்டம்

பதில்: அம்மா, மற்றதைப் பிறகு படிக்கலாம். இன்றிரவே அந்த மாத்திரையைப் பழைய அளவில் கொடுத்துவிடுங்கள். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வழக்கமான ஒன்று போதும். பொடியை நிறுத்துங்கள், ஆனால் குப்பையில் போடாதீர்கள். நாளை உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது. பத்து நாட்களாக வலிப்பு வரவில்லை என்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறது அம்மா, டம்ளர் அளவில். பதின்ம வயதில் தொடங்கி, தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் கைகள் மின்சாரம் பட்டதுபோல் உதறுவதும், தூக்கம் கெட்ட நாளின் விடியலில் பெரிய வலிப்பு வருவதும் சேர்ந்திருந்தால் நாங்கள் முதலில் நினைப்பது ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்ற வகையை. கடிதத்தைப் பார்த்து நோயை உறுதிசெய்ய முடியாது, ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்அலைப் பதிவு) பார்க்க வேண்டும், அவளை உட்காரவைத்துப் பேச வேண்டும். ஆனால் இந்த உதறலை இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பலரும் சொல்வதில்லை. நாங்களும் சில நேரம் கேட்பதில்லை. காபி சிந்துகிறது, பல் துலக்கும் பிரஷ் பறந்து விழுகிறது, சீப்பு கைநழுவுகிறது. வீட்டில் கவனக்குறைவு என்று திட்டு வாங்கிக்கொண்டே சில பிள்ளைகள் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். இது தெரிவது மருந்துத் தேர்வையே மாற்றும். வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்கிற கார்பமசெபைனும் பெனிட்டாயினும் இந்த உதறலை அதிகமாக்கிவிடலாம்.

இப்போது பொடி. மூன்று ஆண்டுகளில் மூன்று வலிப்பு என்றால், இந்தப் பொடி இல்லாமலேகூட உங்கள் மகளுக்கு வலிப்பில்லாத பத்து நாட்கள் நூறு தடவைக்கு மேல் வந்து போயிருக்கும். எனவே இந்தப் பத்து நாட்கள் எதற்கும் சாட்சி ஆகாது. வலிப்பின் குணமே அது: தானாக வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அது ஒளிந்திருக்கும் காலத்தில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்குத்தான். நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு வலிப்பு வரும். தலைமையாசிரியர் தன் இடுப்புச் சாவிக்கொத்தை அவன் கையில் திணிப்பார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கும். இரும்பின் மகிமையை நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டோம். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும் என்பதை மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாவி தேடி எடுத்து வர ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே.

மூலிகை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. உங்கள் மகள் சாப்பிடும் வால்ப்ரோயேட்டின் கதையைக் கேட்டால் உங்கள் மாமியாருக்கே பிடிக்கும். ஐரோப்பாவில் உறக்கத்துக்குக் கொடுத்துவந்த வலேரியன் என்ற செடி உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சில் அதற்குப் பங்காளி முறை. அந்தச் செடியில் உள்ள ஓர் அமிலத்தின் சாயலில் 1882இல் செயற்கையாகச் செய்யப்பட்டதுதான் வால்ப்ரோயிக் அமிலம். அது மருந்து என்று எண்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. மற்ற பொருள்களைக் கரைக்க உதவும் திரவமாகவே ஆய்வுக்கூடங்களில் கிடந்தது. 1962இல் பிரான்ஸ் நாட்டில் பியேர் எய்மார் என்ற ஆய்வாளர், இன்னொரு மூலிகைச் சரக்கிலிருந்து உருவாக்கிய சேர்மங்களை அதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. எல்லாமே மருந்தாக இருக்க முடியாதே என்று சந்தேகம் வந்தபோதுதான், வேலை செய்தது கரைத்த பொருள் அல்ல, கரைத்த திரவம் என்று தெரிந்தது.

உங்கள் வீட்டுப் பொடிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏதாவது பலன் தெரிந்தால் அது வல்லாரையின் பலனா, இன்னும் தொடரும் காலை மாத்திரையின் பலனா, நோய் சும்மா இருக்கும் காலமா, அல்லது பொடிக்குள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் வேறொன்றா? நான்காவது சந்தேகம் என் கற்பனை அல்ல. நாட்டு மருந்து என்ற பெயரில் வலிப்புக்கு விற்கப்பட்ட பொடிகளிலும் மாத்திரைகளிலும் பினோபார்பிட்டோன், பெனிட்டாயின் போன்ற அசல் ஆங்கில மருந்துகள் இருந்தது இந்தியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்டவர் அசந்து தூங்குவார், வலிப்பும் குறையும், வைத்தியரின் புகழ் ஊர் தாண்டிப் போகும். பொட்டலம் வருவது ஒரு வாரம் தடைபட்டால், என்ன மருந்தை நிறுத்தினோம் என்று அறியாமலே நோயாளி தொடர்வலிப்பில் வந்து விழுவார். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் நீளும் வலிப்பைத்தான் தொடர்வலிப்பு என்கிறோம். அதில் உயிர் போவதுண்டு.

செந்தூரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். சில செந்தூரங்களில் இரும்பு இருக்கும், சிலவற்றில் லிங்கம், அதாவது பாதரசம் சேர்ந்த தாது, இருக்கும். உங்கள் கையில் இருப்பது எது என்பது கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதப் பொருள்கள் 70ஐ வாங்கிச் சோதித்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. 14 பொருள்களில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மிகுந்தால் வலிப்பே வரும்! வசம்பும் அவ்வளவு சாது இல்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இலேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். தினமும் ஒரு மண்டலம் தின்னும் பொருள் அல்ல அது.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மும்பை மருத்துவர்கள் சிலர், நன்றாக இருந்த நோயாளிகள் இருவருக்கு வலிப்பு திரும்பியது ஏன் என்று துருவினார்கள். பெனிட்டாயினோடு சங்குபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்து ஒன்றையும் அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். விலங்குகளில் சோதித்துப் பார்த்தபோது அந்த மருந்து பெனிட்டாயினின் அளவை இரத்தத்தில் குறைப்பது தெரிந்தது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பெரின் இதற்கு நேர்மாறு; அது பெனிட்டாயினின் அளவை உயர்த்தும் என்று சண்டிகரில் நோயாளிகளிடமே பார்த்திருக்கிறார்கள். (இதற்காக மிளகு ரசத்தை நிறுத்திவிடாதீர்கள்; நான் சொல்வது சூரணத்தையும் கேப்சூலையும்.) வால்ப்ரோயேட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது கல்லீரலைத் தொடும் மருந்து. அதோடு பெயர் தெரியாத பொடி சேர்ந்து நாளை கல்லீரல் கெட்டால் எதைக் குற்றம் சொல்வது? வாந்தி, அசாதாரணத் தூக்கம், வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சளி பிடித்தால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது, நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்பது உங்கள் வீட்டிலும் உண்டா? உண்டென்றால் இந்தப் பெண்ணுக்கு மட்டும் வேண்டாம். கற்பூரம் மூளையைத் தூண்டும் பொருள். 1934இல் ஹங்கேரியில் மெடுனா என்ற மனநல மருத்துவர், சிகிச்சை என்று கருதி, நோயாளிகளுக்கு வலிப்பை வரவழைக்கவே கற்பூரத்தை ஊசியில் ஏற்றினார். கற்பூரமும் நீலகிரித் தைலமும் சேர்ந்த தைலங்களால் வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தைலத்தை நிறுத்தியதும் பலருக்கு வலிப்பு நின்றது. அதே போல, வலிப்பின்போது மூக்கில் தும்பைச் சாறோ வெங்காயச் சாறோ பிழிவது, கண்ணில் கலிக்கம் போடுவது, சூடு வைப்பது எல்லாம் கூடவே கூடாது. மூக்கில் விட்ட சாறு நுரையீரலுக்குத்தான் போகும்.

வல்லாரைத் துவையல் செய்து கொடுங்கள், தடையே இல்லை. கீரையாகச் சாப்பிடுவதற்கும் சாற்றை இறுக்கி மாத்திரையாக்கிச் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஓரளவு வலிப்பு எதிர்ப்புக் குணம் தென்பட்டிருக்கிறது. ஆனால் மனிதர்களிடம், வலிப்பு மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்குச் சான்று இல்லை. மாமியாரின் மனம் கோணக் கூடாது என்றால், பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போகலாம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை அவரிடம் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சித்த மருத்துவர்கள் யாரும் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பட்டம் எதுவாக இருந்தாலும்.

ஆயுள் முழுக்கவா என்றால், வலிப்புக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகு, ஈ.ஈ.ஜி.யையும் ஸ்கேனையும் பார்த்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்போம். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் சந்தேகிக்கும் இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்; நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு முப்பது ஆண்டுகள் மாத்திரை விழுங்குகிறவர்களை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் தலையெழுத்து என்கிறோம்.

அதற்காக இந்த மாத்திரையேதான் என்று சொல்லவில்லை. உடல் பருப்பதும் முடி கொட்டுவதும் வால்ப்ரோயேட்டின் தெரிந்த விளைவுகள். அவள் அழுவதில் நியாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கருவுற்ற பெண் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும். முப்பது முதல் நாற்பது குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரக்கூடும். எனவே திருமணம் என்ற பேச்சு வீட்டில் எழும்போதே, லெவெடிரசெடாம் போன்ற வேறொரு மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே வால்ப்ரோயேட்டை நிறுத்திவிடாதீர்கள். நான் எழுதியதே வீணாகிவிடும். புது மருந்தை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்க வேண்டும், மருத்துவர் கண்காணிப்பில். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான பிள்ளை பெற்றவர்களே.

அன்றாட வாழ்க்கையில் எனக்கு முதல் கவலை தூக்கம். இந்த வகைக்கு, கண்விழித்துப் படிப்பதைப் போன்ற எதிரி வேறில்லை. தேர்வுக்கு முந்தைய இரவும் ஏழு மணி நேரம் தூங்கட்டும். மதிப்பெண் நான்கு குறைந்தால் குறையட்டும். இரண்டாவது கவலை தண்ணீர். குளம், கிணறு, ஆறு எதிலும் தனியாக இறங்கக் கூடாது. வீட்டில் வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கலாம். குளியலறையின் தாழ்ப்பாளை மட்டும் போடாமல் இருக்கட்டும். கொதிக்கும் பாத்திரம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, காலை வேளையில் அடுப்படியில் தனியாக நிற்க வேண்டாம்; அவள் கை உதறும் நேரமும் அதுதானே. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் வடகம் காயப் போடவும் வேண்டாம். இவை தவிர ஓடலாம், ஆடலாம், வேலைக்குப் போகலாம். மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, உங்களைப் பயமுறுத்த அல்ல: வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் தூக்கத்திலோ வேறு நேரத்திலோ திடீரென்று இறந்துபோகிறார். கட்டுப்படாத வலிப்புள்ளவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம்.

கல்லூரித் தோழிகள் இருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். வலிப்பு வந்தால் கைகடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள மேசை நாற்காலியை நகர்த்தி, தலைக்குக் கீழே துப்பட்டாவை மடித்து வைத்து, கழுத்தருகே உடையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சாவி, செருப்பு, வாய்க்குள் ஸ்பூன், முகத்தில் தண்ணீர் எதுவும் தேவையில்லை. கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே ஒன்றை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு அவள் பையில் வைத்திருங்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓராண்டு வலிப்பில்லாதவர் கார் ஓட்டலாம். நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1, வலிப்பு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறது. ‘இல்லை’ என்று கையெழுத்திடச் சொல்லி நான் எழுத மாட்டேன். சட்டம் மாற வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் கை உதறல் இருக்கும்வரை அந்த நாடுகளிலும் இவளுக்கு அனுமதி கிடைப்பது கடினம். பஸ் இருக்கிறது.

வரனிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். 1999 வரை இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து எழுதிவைத்திருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். வலிப்பு இருப்பது இப்போது திருமணத்துக்குத் தடையில்லை. மறைப்பது வேறு விவகாரம், நீதிமன்றம்வரை போகும். எனக்கு வழக்கைவிட முகூர்த்தம்தான் பயம். முந்தின நாள் இரவு வரவேற்பு, ஒரு மணிக்குப் படுக்கை, மூன்று மணிக்கு எழுப்பி அலங்காரம், வெறும் வயிறு, கண்ணைப் பறிக்கும் வீடியோ விளக்கு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை எங்கே ஒளித்து வைத்தோம் என்ற தவிப்பு. இந்த நோயை வரவழைக்கத் திட்டம் போட்டால்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது. மணவறையிலும் புகுந்த வீட்டு முதல் வாரத்திலும் வலிப்பு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை மறைத்துச் சாப்பிட வழியில்லாமல் விட்டவர்கள் அவர்கள். பூ வைப்பதற்கு முன், பெண்ணையும் பையனையும் ஒன்றாக மருத்துவரிடம் அனுப்பி அரை மணி நேரம் பேச வையுங்கள். ஓடிப்போகிறவன் அன்றைக்கே ஓடட்டும். முகூர்த்தத்தைப் பத்து மணிக்கு மேல் குறித்துத் தரும் சோதிடர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. திருச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு திருவாசியை நினைக்காமல் இருந்திருக்க மாட்டார். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு வந்த முயலகன் நோயை, அதாவது வலிப்பை, சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த தலம். அங்கே நடராசரின் காலடியில் முயலகனுக்குப் பதில் பாம்பு இருக்கும். தாராளமாகக் கூட்டிப் போகட்டும். விரதம் வேண்டாம், காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும், இரவு மாத்திரை பையில் இருக்கட்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது. நாளையிலிருந்து ஒரு நோட்டில், காலையில் கை உதறியதா, எத்தனை முறை, முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று குறித்து வாருங்கள். முடிந்தால் உதறலைக் கைபேசியில் படம் பிடியுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் அந்த நோட்டும், படமும், பொடிப் பொட்டலமும் உங்கள் பையில் இருக்க வேண்டும். அதுவரை அவளுக்குக் காபியைப் பாதி டம்ளர் ஊற்றிக் கொடுங்கள்.